பரணிலிருந்து இறங்கிய மரப்பொம்மை: குழந்தை கையில் கொடுக்கும் முன் எப்படிச் சுத்தம் செய்வது?

கோடை விடுமுறை வந்தால் வேலூர், குடியாத்தம், ஆரணிப் பக்கத்து வீடுகளில் பரணைக் கிளறுவது வழக்கம். அப்பா நடை பழகிய நடைவண்டி, அத்தை விளையாடிய சொப்புச் சாமான், கல்யாணச் சீரில் வந்த மரப்பாச்சி ஜோடி எல்லாம் தூசியோடு கீழே இறங்கும். குழந்தை உடனே கையை நீட்டும். “ஒண்ணும் ஆகாது, துடைச்சுக் குடு” என்பார் பாட்டி. அம்மா டெட்டால் பாட்டிலைத் தேடுவார். வினிகர் போட்டால் போதும் என்று ஒருவர், மொட்டை மாடியில் ஒரு நாள் காயவிடு என்று இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் பொம்மை மறுபடி பரணுக்கே போவதும் உண்டு.

நான் இந்த வழிகளை ஒப்பிட்டு எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். எல்லாரும் கிருமியைப் பற்றியே பேசுகிறார்கள். பழைய மரப்பொம்மையில் கிருமியைச் சமாளிப்பது சுலபம். பொம்மைமேல் அடித்திருக்கும் பெயின்ட்தான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பூச்சைப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் மரப்பொம்மைகள் பெரும்பாலும் மூன்று வழியில் வந்தவை. காட்பாடி ஜங்ஷனிலிருந்து திருப்பதிக்கும் ரயில் போகிறது, பெங்களூருக்கும் போகிறது. அதனால் திருப்பதி போய்வந்தவர்கள் வாங்கிய மரப்பாச்சியும், பெங்களூர் மைசூர் பாதையில் உள்ள சென்னபட்டணத்தின் அரக்குப் பொம்மையும் இங்கே சாதாரணம். மூன்றாவது, உள்ளூர் ஆசாரி செய்து எனாமல் பெயின்ட் அடித்த நடைவண்டி, ஆடுகுதிரை வகை.

மரப்பாச்சி செஞ்சந்தனம் போன்ற கெட்டியான மரத்தில் செதுக்கியது. கண், பொட்டு தவிர அதில் பெயின்டே இல்லாமல் இருக்கலாம். சென்னபட்டணப் பொம்மையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலே மெல்லிய வளையங்கள் ஓடும், பளபளப்பில் ஒரு ஆழம் தெரியும். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அது சுழலும்போதே நிறமேற்றிய அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும், பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சூட்டில் ஏறிய பூச்சு சூட்டிலேயே இளகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எனாமல் அப்படி இல்லை. தடிமனாக, ஒரு தோல்போல மேலே உட்கார்ந்திருக்கும். பழசானால் செதில் செதிலாக உரியும். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது, 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயின்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில் சந்தேகம் அதிகம். அந்த நிறங்களுக்கு ஈயக் குரோமேட் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. நடைவண்டியின் மேல்கட்டை பல வீடுகளில் என்ன நிறம் என்று யோசித்துப் பாருங்கள். நடக்கப் பழகும் குழந்தை பிடித்துக்கொண்டு நிற்பதும், பல் வரும்போது கடிப்பதும் அந்தக் கட்டையைத்தான். பல் பதிந்த இடத்தில் பெயின்ட் போய், அடியில் வெறும் மரம் தெரியும்.

ஈயத்தில் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று ஓர் அளவு கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போன ஈயத்தைச் சின்னக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச்சத்தோ கால்சியமோ குறைவாக இருக்கும் குழந்தைக்கு இன்னும் அதிகம். வெளியே எதுவும் தெரியாமலே மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

இரண்டாவது, குழந்தையின் வயது. எதையும் வாயில் வைக்கும் வயதா, அதைத் தாண்டிவிட்டதா? மூன்றாவது, பொம்மை எங்கே கிடந்தது. அலமாரியில் துணி சுற்றி வைத்ததும், எலி ஓடும் பரணில் கிடந்ததும் ஒன்றல்ல. அடுத்து மரத்தின் நிலை: விரிசல், துருப்பிடித்த ஆணி, ஆடும் சக்கரம், உளுத்த ஓட்டை. காசும் நேரமும் கடைசிதான், ஏனென்றால் கீழே வருவதில் நல்ல வழி எல்லாவற்றிலும் மலிவானது.

பூச்சு அரக்கா எனாமலா என்று தெரியவில்லை என்றால் அடிப்பாகத்தில் ஒரு சோதனை செய்யலாம். சானிடைசர் தொட்ட பஞ்சை அரை நிமிஷம் வைத்து எடுங்கள். அரக்கு என்றால் பிசுபிசுக்கும், நிறம் பஞ்சில் ஏறும். எனாமல் என்றால் பெரும்பாலும் அசையாது. ஆனால் இது பூச்சின் வகையை மட்டுமே சொல்லும். அரக்கு என்று தெரிந்தவுடனே நிம்மதியாகிவிட வேண்டாம், செயற்கைச் சாயம் கலந்த அரக்குப் பொம்மைகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் துணியில் இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறங்கினால் வாயில் வைக்கும் குழந்தைக்கு அது வேண்டாம்.

ஈரத்துணி, சோப்புத் தண்ணீர், நிழல் காற்று

என் ஓட்டு இதற்குத்தான். பூச்சு உரியாத பொம்மை எதற்கும் இது பொருந்தும்.

ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் நாலைந்து சொட்டு. பழைய பனியன் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, மேல்புறம் முழுக்கத் துடையுங்கள். சொப்புச் சாமானின் விளிம்பு, நடைவண்டிச் சக்கரத்தின் அச்சு போன்ற இடுக்குகளுக்கு மென்மையான பழைய டூத் பிரஷ் போதும். அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வேறு துணியால் சோப்பு போகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

துணியைப் பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது. மரம் தண்ணீரைக் குடித்தால் ஊதும், காயும்போது சுருங்கும், அந்த இழுபறியில் விரிசல் விடும். விரிசலில்தான் அழுக்கும் பூஞ்சையும் குடியேறும். அதனால் பக்கெட்டில் ஊறவைக்கும் பேச்சே வேண்டாம். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு என்பதால் காய்ந்த பிறகு மரத்தில் வெள்ளைத் திட்டு தெரியும், சோப்பும் சரியாக நுரைக்காது. இந்த வேலைக்குக் குடிக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் கிருமி சாகுமா என்று கேட்பீர்கள். சோப்பும் தேய்ப்பும் அழுக்கோடு கிருமியைப் பெருமளவு கழற்றி எடுத்துவிடும். மிச்சம் இருப்பதை உலர்ந்த மரமே பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் டீன் கிளிவர் என்ற நுண்ணுயிர் அறிஞர் 1990களில் சமையலறை வெட்டுப் பலகைகளை ஆராய்ந்தபோது, மரப்பலகையில் விட்ட பாக்டீரியா உள்ளே உறிஞ்சப்பட்டு, பெருகாமல் சாவதைக் கண்டார். அது வெறும் மரத்தில் பார்த்தது, எனாமல் அடித்த பொம்மைக்கு அப்படியே பொருந்தாது. பெயின்ட் பொம்மையிலும் சளி, காய்ச்சல் வைரஸ்கள் உலர்ந்த இடத்தில் சில மணி நேரத்திலிருந்து சில நாட்கள் வரைதான் தாங்கும். துடைத்த பொம்மையை ஒரு வாரம் எட்டாத இடத்தில் வைத்தால் அதுவும் தீர்ந்தது.

செலவு என்று பார்த்தால் பொறுமை மட்டும்தான். குழந்தை கேட்கிறதே என்று ஈரத்தோடு கொடுத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தப்பு.

வினிகர்

இணையத்தில் பெரும்பாலானவர்கள் சொல்வது இதைத்தான். சரிபாதி தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர் பூஞ்சை வாடையை நன்றாக எடுக்கும், போர் தண்ணீர் விட்ட உப்புத் திட்டையும் கரைக்கும். பூச்சு இல்லாத மரத்தில் மூடிக்கிடந்த வாடை அடித்தால் ஒரு முறை துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துவிடலாம்.

கிருமிநாசினியாக அது சுமார்தான். அமிலம் என்பதால் பழைய பெயின்டில் ஈயம் இருந்தால் அதைக் கரைத்து மேலே கொண்டுவரவும் செய்யும். எனாமல் பொம்மைக்கு வினிகர் வேண்டாம். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் எல்லாவற்றுக்கும் இதே பதில். மஞ்சள் தண்ணீர் கறைதான் விடும்.

வெயில்

நம் ஊரில் இலவசமாகக் கிடைப்பது வெயில், அதனால் எல்லாரும் இதைத்தான் முதலில் நினைப்பார்கள். மெத்தை, தலையணைக்கு அருமையான வழி. மரப்பொம்மைக்கு அரைகுறை வழி. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்புறத்தைத் தொடும், விரிசலுக்குள் போகாது. அடிப்புறம் நிழலில்தான் இருக்கும்.

வேலூர் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் அரக்கு இளகும், பொம்மை தரையோடு ஒட்டி எடுக்கும்போது நிறம் பிய்யும். நனைத்த மரத்தை நேரே வெயிலில் போட்டால் மேல்புறம் மட்டும் சட்டென்று காய்ந்து பிளக்கும். எனாமல் வெடித்து உரியத் தொடங்கினால் அதுவரை பரவாயில்லாமல் இருந்த பொம்மையை நாமே ஆபத்தாக்கியதாகிவிடும்.

வெயில் வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குள் வரும் இளவெயில், அல்லது காற்றோட்டமான திண்ணை. ஒரு விஷயத்துக்கு மட்டும் வெளிக்காற்று கட்டாயம் வேண்டும்: பாச்சை உருண்டை போட்ட டிரங்குப் பெட்டியில் கிடந்த பொம்மை. நாஃப்தலீன் பாச்சை உருண்டை சில குழந்தைகளுக்கு உண்மையாகவே ஆபத்து. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, அதில் வைத்த துணியோ பொருளோ பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். அந்த வாடை முழுக்கப் போகும்வரை, எத்தனை நாள் ஆனாலும், பொம்மை வெளியே நிழலில்தான் இருக்க வேண்டும். ஓர் உருண்டைகூடக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் உருளக் கூடாது.

டெட்டால், பிளீச், சானிடைசர்

ஆஸ்பத்திரி வாடை அடித்தால் சுத்தம் என்று மனசு நம்பும். ஆனால் டெட்டால் வாயில் போகக் கூடாத பொருள். மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், குழந்தை அதைச் சப்பும். சானிடைசரும் ஸ்பிரிட்டும் அரக்கைக் கரைக்கும், அதை மேலே சோதனைக்கே பயன்படுத்தினோம்.

பிளீச்சுக்கு ஒரே ஒரு இடம் கொடுப்பேன். எலிப் புழுக்கை கிடந்த பரணிலிருந்து வந்த, பூச்சு உரியாத, நீங்கள் விட மனமில்லாத பொம்மை. முதலில் புழுக்கையை உலர்வாகப் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். கையுறை போட்டு ஈரக் காகிதத்தால் எடுங்கள். சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மி.லி. வீட்டு பிளீச் (5 சதவீத வகை) கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து, சில நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, வாடை போகும்வரை காயவிடுங்கள். நிறம் வெளுக்கலாம். அழுக்கும் மரமும் பிளீச்சின் வீரியத்தைத் தின்றுவிடும் என்பதால் சோப்பு இல்லாமல் நேரே பிளீச் போடுவதில் பயன் இல்லை. வினிகரோடு ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

கறுப்புப் பூஞ்சை மரத்துக்குள் இறங்கியிருந்தால் பிளீச் மேல்நிறத்தைத்தான் எடுக்கும். அந்தப் பொம்மை சின்னக் குழந்தைக்கு இல்லை.

தேய்த்து, எண்ணெய் பூசுவது

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசு பண்ணிவிடலாம் என்று வீட்டில் யாராவது கிளம்புவார்கள். பெயின்டே இல்லாத மரப்பாச்சி, சிலாம்பு குத்தும் சப்பாத்திக்கட்டைப் பொம்மை என்றால் நல்ல யோசனை. நைஸ் உப்புத்தாளால் மர ரேகையோடு தேய்த்து, தூசியை ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள்.

பழைய எனாமலில் உப்புத்தாள் படவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும். பெயின்ட் மரத்தில் இருக்கும்வரை ஈயம் ஒரு இடத்தில் இருக்கிறது. தேய்த்தால் அது மாவாகி வீடு முழுக்கப் பறக்கும், தரையில் தவழும் குழந்தையின் உள்ளங்கையில் ஒட்டும். தீயில் வாட்டிச் சுரண்டுவது இன்னும் மோசம், அது புகையாக மூச்சில் போகும். ஆசாரியிடம் கொடுத்தாலும் அவர் பட்டறையில் அதே தூசிதான், அவர் நுரையீரலும் நுரையீரல்தான்.

எண்ணெய் எது? தேங்காய் எண்ணெய் உலராது, ஆனால் மெல்லிசாகத் தொட்டுத் துடைத்து எடுத்தால் மரப்பாச்சிக்குப் போதும். நல்லெண்ணெய் பிசுக்காகித் தூசியை இழுக்கும். கடலை எண்ணெய் வேண்டாம், சில குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை உண்டு. நன்றாக உலர்ந்து கெட்டிப்படுவது ஆளிவிதை எண்ணெய். அதில் சமையலுக்கு விற்பதை வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ‘பாயில்டு’ வகையில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். பூசிய பிறகு சில வாரம் காய வேண்டும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், நம் ஊர்க் கோடையில் கூடுதல் கவனம் வேண்டும். விரித்துப் போட்டுக் காயவைத்து எறியுங்கள்.

ஒரே பார்வையில்

| வழி | எப்போது நல்லது | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|
| ஈரத்துணி, சோப்பு, நிழல் | பூச்சு உரியாத எல்லாப் பொம்மைக்கும் | ஒரு நாள் காயணும், அவசரம் ஆகாது |
| வினிகர் | பூச்சில்லாத மரத்தில் பூஞ்சை வாடை, உப்புத் திட்டு | எனாமலில் ஈயம் கசியலாம் |
| வெயில் | வாடை போக்க, காலை இளவெயிலில் மட்டும் | விரிசல், அரக்கு இளகல், பெயின்ட் உரிதல் |
| பிளீச் | எலி புழங்கிய, பூச்சு உரியாத பொம்மை | நிறம் வெளுக்கும், வாடை தங்கும் |
| டெட்டால், சானிடைசர் | எதற்கும் வேண்டாம் | மரத்தில் தங்கும், அரக்கு கரையும் |
| கொதிநீர், ஊறவைத்தல் | எதற்கும் வேண்டாம் | மரம் ஊதும், ஒட்டு விடும், அரக்கு வெளுக்கும் |
| உப்புத்தாள், எண்ணெய் | பெயின்டே இல்லாத மரம் | எனாமலில் ஈயத் தூசி |
| ஷோகேஸில் வைப்பது | உரியும் பெயின்ட், எந்த வயதிலும் | புதுப் பொம்மை வாங்கும் காசு |

மரத்தில் குண்டூசித் துளையும் அதன் கீழே மாவுபோல் பொடியும் தெரிந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. கரையான் மருந்து, மண்ணெண்ணெய் எதுவும் தொடாதீர்கள். பாலித்தீன் கவரில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிட்டால் மரத்தின்மேல் ஈரம் படியாது. பூச்சி சாகும், மரம் தப்பிக்கும்.

கொடுக்காமல் இருப்பதும் ஒரு வழி

பழைய எனாமல் உரிகிறது என்றால், அதுவும் குழந்தைக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை என்றால், எந்தச் சுத்தமும் அந்தப் பொம்மையைப் பாதுகாப்பாக்காது. துடைப்பது மேல்தூசியை மட்டும் எடுக்கும். தாத்தா கைப்பட வாங்கி வந்ததாக இருக்கும், மனசு கேட்காது, புரிகிறது. அதைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள், நவராத்திரிக்குக் கொலுவில் வையுங்கள், படம் எடுத்து மாட்டுங்கள். குழந்தை கையில் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே பல மாதம் கடித்து விளையாடியிருந்தால் பயந்து உட்கார வேண்டியதில்லை, குழந்தை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

பெயின்ட் நன்றாக இருந்தாலும் சின்னப் பாகங்களைப் பாருங்கள். சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் நுழையும் அளவு சொப்பு, கழன்று வரும் சக்கரம், மணி எல்லாம் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூச்சுக்குழாயில் அடைக்கும்.

புதுசு வாங்குவதென்றால், 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைக் கலைஞர்கள் செய்வதற்கும், சென்னபட்டணம்போல் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே சென்னபட்டணப் பொம்மையில் முத்திரை இல்லை என்பதால் அது போலி ஆகிவிடாது. கடைக்காரரிடம் என்ன சாயம் என்று கேளுங்கள், அங்கேயே ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். நடைவண்டி என்றால் ஆசாரியிடம் பெயின்ட் அடிக்காமல் வெறும் மரமாகக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது, வழவழப்பாக இழைத்துத் தரச் சொன்னால் போதும்.

இனி வேண்டாம் என்று முடிவு செய்த பெயின்ட் பொம்மையை வெந்நீர் அடுப்பில் விறகாக வைக்காதீர்கள், போகிக்கும் எரிக்காதீர்கள். ஈயம் எரிந்து போகாது, புகையிலும் சாம்பலிலும் தங்கும். கவரில் கட்டி, காலி பெயின்ட் டப்பா, பழைய பல்புகளோடு சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.